உப்பு போட்டீங்கல்ல?

சன்னலோரம் இடுப்புயரத்துக்கு நிற்கிறது வெள்ளை பிளாஸ்டிக் கோபுரம். குட்டி மோட்டார் முனகிக்கொண்டே இருக்கிறது. உச்சிக்கு ஏறிய தண்ணீர் ஒவ்வொரு குழியாகச் சொட்டி இறங்குகிறது. குழிகளில் சிறுகீரை கருகித் தலைசாய்ந்து கிடக்கிறது. வெளியே உப்புப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் சாயங்கால வெயில் சுவரில் அலைகிறது. இந்த உப்பு மண்ணில் எதுவும் முளைக்காது என்றுதான், மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் இதை அம்சவல்லி வாங்கினாள். விளக்கு வைத்த மாடலெல்லாம் விலை அதிகம், சன்னல் வெளிச்சமே போதும் என்று போனில் தேடித் தேடி எடுத்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி மாத்துறப்போ உப்பு போட மறந்துடாதீங்க" என்றாள். அவள் புருஷன் காசிலிங்கம் மறக்கவில்லை. தான் வேலை செய்யும் உப்பளத்திலேயே வெள்ளை வெளேரென்ற கல்லுப்பாகப் பொறுக்கி வந்து, அவளுக்காகக் கை நிறையப் போட்டான். இப்போது கோபுரத்தின் அடித்தொட்டியைக் கழுவ நகர்த்தும்போது பின்னாலிருந்து விழுந்த பாக்கெட் அவன் மடியில் கிடக்கிறது. பிரிக்கவே இல்லை. 'செடிகளுக்கான சத்து உப்பு' என்று அச்சடித்திருக்கிறது. குழி விளிம்பில் பூத்திருக்கும் வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறான். போன் அடிக்கிறது. திரையில் அம்சவல்லி, மூக்கில் குழாயோடு. "என் கீரை எப்படி இருக்குது? காட்டுங்களேன்." பின்னால் எதுவும் தெரியாதபடி போனை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறான். "தளதளன்னு இருக்குது அம்சா. நீயே வந்து கிள்ளு." அவள் மூச்சு வாங்கிச் சிரிக்கிறாள். "உப்பு போட்டீங்கல்ல?"

"கை நிறைய போட்டேன் அம்சா."