பூனை பிறாண்டிய நாற்காலி

“யாரும் பார்க்கலையே அண்ணே?”

டிவியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி நவராஜ் மறுபடியும் கேட்டான். நேபாளத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மகன் இந்த வேலையில் இறங்குவான் என்று அவன் அப்பா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பாவம், சொந்த ஊரான சித்வனில் இருந்த நெல்வயலை விற்றுப் படிக்க அனுப்பியவர்.

“பார்த்தா என்ன? கூட ஒரு கை பிடிச்சுத் தூக்கிவிட்டுட்டுப் போவாங்க” என்றான் கேதார். அவனும் நேபாளத்துக்காரன்தான். நவராஜின் அறைத் தோழன், அந்தப் பல்கலைக்கழகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். “இது ஆகஸ்ட் மாசம்டா. ஊர்ல பாதிப் பேர் வாடகை வீட்டைக் காலி பண்றான். வேண்டாததைத் தெருவோரம் வெச்சுட்டுப் போயிடுவான். தெருவுக்கு வந்துட்டா அது பொதுச்சொத்து. நீ படுத்திருக்கியே கட்டில், அது எப்படி வந்துச்சுன்னு நினைச்சே?”

“இதெல்லாம் புதுசு மாதிரி இருக்கே அண்ணே. மேல துணி வேற போர்த்தியிருக்கு.”

“வெள்ளைக்காரங்க நாசூக்கானவங்கடா. எடுக்கறவனுக்கு நனையாம கிடைக்கட்டும்னு போர்த்தி வெச்சிருக்காங்க. புண்ணியவான்கள்!”

அந்தப் பெரிய வீட்டு வேலியோரம் கிடந்த டிவி, காப்பி இயந்திரம், ஒரு கிடார், சாய்ந்தால் காலையும் சேர்த்துத் தூக்கிக்கொடுக்கும் தோல் நாற்காலி எல்லாம் பட்டப்பகலில் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. நாற்காலியின் கைப்பிடியைப் பூனை பிறாண்டியிருந்தது. அது ஒன்றுதான் குறை.

நாற்காலி கதவுக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால் அதை முன்வாசலிலேயே போட்டு, கேதார் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு தேநீர் குடித்தான். அதுதான் வம்பாய்ப் போயிற்று.

பிற்பகலில் ஒரு வேன் வாசலில் கிறீச்சென்று நின்றது. தொப்பி போட்ட ஓர் ஆள் வியர்க்க விறுவிறுக்கக் குதித்து இறங்கினார்.

“அது என்னோட நாற்காலி!”

“சார், தெருவோரமா கிடந்துச்சு...” என்று எழுந்தான் கேதார்.

“கிடக்கலை, நான் வெச்சிருந்தேன்! வேன் கொண்டு வர்றதுக்குள்ள வழிச்சுத் தொடைச்சுட்டு வந்துட்டீங்களே! துணியை மட்டும் விட்டு வெச்சீங்க பாரு, அது பெரிய மனசு. தெருத் தெருவா அலையறேன்யா! இதுக்குப் பேர் திருட்டு. வெளிநாட்டுப் பசங்கதானே? ஒரு வார்த்தை சொன்னா போதும், அடுத்த விமானத்துல ஊருக்கு ஏத்திடுவாங்க.”

நவராஜுக்கு விற்றுப்போன வயல் கண்முன் வந்து நின்றது. வயலும் இல்லாமல், படிப்பும் இல்லாமல், எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

கேதார் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். உள்ளே ஓடிப்போய் ஆவி பறக்க ஒரு தட்டு மோமோ, அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை, கொண்டுவந்து நீட்டினான். இரண்டு மோமோ உள்ளே போனதும் வேன்காரரின் கோபம் இறங்கியது.

“சரி, சின்னப் பசங்க. எல்லாத்தையும் வேன்ல ஏத்துங்க. நானும் மறந்துடறேன், நீங்களும் மறந்துடுங்க.”

“தெய்வம் சார் நீங்க!” என்றான் கேதார்.

நவராஜுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வரவேற்புக் கூட்டத்தில் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்து அம்மாள் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது காதில் ரீங்கரித்தது. “தப்பு நடந்துட்டா மூடி மறைக்காதீங்க. நீங்களே முதல்ல போய்ச் சொல்லிடுங்க. பின்னால தெரிஞ்சா விசா போச்சு!” இந்த மனிதர் இன்றைக்கு மறந்துவிடுவார். நாளைக்கு ஞாபகம் வந்து தொலைத்தால்?

கொல்லைப்பக்கம் போய்ப் போலீசுக்குப் போன் போட்டான். “மேடம், நான் திருடிட்டேன். வந்து பிடிச்சுட்டுப் போங்க. படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க.”

விலாசத்தையும் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் வந்து டிவிக்குத் தோள் கொடுத்தான். கடைசியாக நாற்காலி.

“உங்க பூனை நல்லா நகம் தீட்டியிருக்கு சார்” என்றான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“எந்தப் பூனை? பேச்சைக் குறைச்சுட்டுத் தூக்குப்பா, நேரமாச்சு.”

நாற்காலி ஏறியதும் போலீஸ் கார் வந்து வேனுக்குக் குறுக்கே நின்றது. பெண் அதிகாரி ஒருவர் இறங்கினார்.

“போன் பண்ணின திருடன் யாரு?”

கேதாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவி! நீயாடா? குடியைக் கெடுத்தியே!”

“மன்னிச்சுடுங்க அண்ணே.” நவராஜ் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். “இந்த சார் சாமானை நாங்கதான் எடுத்தோம் மேடம். நல்ல மனுஷன், மன்னிச்சுக்கூட விட்டுட்டார். இருந்தாலும் திருட்டு திருட்டுதானே?”

அதிகாரி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“இதெல்லாம் உங்களோடதா சார்?”

“ஆமா... ஆமா. பசங்க தெரியாம எடுத்துட்டாங்க, விடுங்க மேடம்” என்றார் வேன்காரர்.

அதிகாரி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். நவராஜ் கண்களை இறுக மூடிக்கொண்டான். எல்லாம் போச்சு.

‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது. கையில் ஒன்றும் படவில்லை. கண்ணைத் திறந்தால், விலங்கு வேன்காரர் கையில்!

“அந்தப் பெரிய வீட்டம்மா மத்தியானம்தான் வெளியூர்லேர்ந்து வந்தாங்க. பூட்டு உடைஞ்சிருக்கு, பூனை பிறாண்டின நாற்காலி முதக்கொண்டு காணோம்னு ஒரே அழுகை” என்ற அதிகாரி, இன்னும் கைகளை நீட்டியபடியே நின்ற நவராஜைப் பார்த்துச் சிரித்தார்.

“கையைக் கீழே போடு தம்பி. நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் திருட்டுப் போயாச்சு!”