திரும்பி வராத ஐந்து புத்தகங்கள்

மண் வீடு கட்டுவது பற்றி நூலகத்திலிருந்த ஐந்து புத்தகங்களையும் எடுத்துப்போனவர் ஆறு மாதமாகத் திருப்பித் தரவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோன நூலகர், முகவரியைத் தேடிப் போனார். அது ஒரு சிமெண்ட் கடை.

“ஊரே அதைப் படிச்சா என் கடைக்கு யாருங்க வருவா? வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு. சம்சாரத்துகிட்ட வாங்கிக்கோங்க” என்றார் கடைக்காரர், கூச்சமே இல்லாமல்.

வீட்டுக் கொல்லையில் அவர் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வைக்கோல் கலந்த சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தோள் உயரத்துக்கு மண் சுவர்.

நூலகர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். “இது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவரு கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தே வருஷமாச்சு. நாலு புத்தகத்தை எடுத்துட்டுப் போங்க. கூரை போடுற புத்தகத்தை மட்டும் என் பேருல எழுதிக்கோங்க.”