ஆயுசு விலை பதினொன்று

கலியாணசுந்தரத்தின் ஆயுசுக்கு லக்ஷணா சொன்ன விலை இருபத்திரண்டு.

"எட்டுன்னா பேசும்மா. இல்லன்னா நான் கெளம்பறேன்," என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதவர்களிடம் முப்பது வருஷமாகப் பட்டு விற்றவர், அந்த வித்தையைத் தானும் ஒருமுறை செய்து பார்க்க மாட்டாரா? அதுவும் தவிர, அவர் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"அங்கிள், இது பட்டுப்புடவை இல்ல. எலிமினேஷன் டயட்!" சின்ன காஞ்சிபுரத்தில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்த டயட்டீஷியன் லக்ஷணா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு ஐட்டத்தையும் ஆறு வாரம் நிறுத்தணும். அப்புறம் ஒண்ணொண்ணா திரும்பச் சேர்த்தா, உங்க உடம்பை ஊத வைக்கிற திருடன் யாருன்னு தெரிஞ்சுடும்."

"ஒரு திருடனைப் பிடிக்க ஊரையே காலி பண்ணுவாங்களா? சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பத்து."

"பதினெட்டு."

"காளானும் சீஸும் எடுத்துக்கோ. ரெண்டும் சும்மா தரேன்."

"நீங்க சீஸ் சாப்பிட்டிருக்கீங்களா?"

"கண்ணாலகூட பாத்ததில்ல."

"அப்ப அது செல்லாது. காபியை எடுங்க."

"அய்யோ! காபி வேணும்மா."

"பால் இல்லாம, சர்க்கரை இல்லாம குடிங்க."

"அதுக்குப் பேரு காபியா? கஷாயம்!"

கடைசியில் பதினொன்றில் படிந்தது. பால், சர்க்கரை, மைதா, எண்ணெயில் பொரித்தது, கலர் சோடா என்று நிஜமாகவே வலிக்கிற பதினொன்று. வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. கணக்கு எழுதுவதென்றால் அவருக்குக் கல்கண்டு.

விளையாட்டுக்கு வந்தவர் இல்லை அவர். கடையில் வெள்ளை உறை போட்ட மெத்தையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, வாடிக்கையாளர் மடிமேல் விழுகிற மாதிரி புடவையை வீசி விரிப்பதில்தான் அவர் உயிரே இருந்தது. இப்போதோ உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

தம்பி சீனிவாசன் கறாராகச் சொல்லிவிட்டான். "அண்ணா, தை முகூர்த்தத்துக்குள்ள எளைக்கலைன்னா நீங்க கல்லாவுல சேர் போட்டு உக்காந்துக்கினு பில்லு போடுங்க. மெத்தைய நான் பாத்துக்கறேன்." சொன்னதோடு நிற்காமல் சேருக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கே கலியாணசுந்தரத்தின் மனைவி மங்கையர்க்கரசி வாணலியைக் கழுவிப் பரணில் ஏற்றினாள். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கடைக்குப் போகிற கேரியரில் வெந்த காய், இரவில் சுண்டல். அவர் பிள்ளையார் சுழி போட்டு எழுதினார்: 'சுண்டல் ஒரு கிண்ணம். அதில் மிளகாய் ஒன்று, ஒதுக்கியது.'

கணக்கில் அவர் அரிச்சந்திரன். கடைக் காசில் வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கமாட்டார், வீட்டுக் காசில் கடைக்கு ஒரு குண்டூசி வாங்கமாட்டார்.

ஆறு வாரம் முடிந்த அன்று எடை மெஷின் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது.

"மிஷின் ரிப்பேரும்மா."

"நான் ஏறிப் பாத்துட்டேன் அங்கிள், சரியாத்தான் இருக்கு." லக்ஷணா மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, பாவம்னு நீங்க ஏதாவது..."

"அட போம்மா! எங்க வீட்டு எறும்பெல்லாம் பட்டினி தாங்காம பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. இவரோட சேந்து தின்னு நான்தான் ஆறு கிலோ எளைச்சேன். ரவிக்கை எப்படித் தொளதொளன்னு இருக்குது பாரு!"

கலியாணசுந்தரத்தின் கண் கலங்கிவிட்டது. "வரதராஜப் பெருமாள் சத்தியமா நோட்டுல ஒரு வரி பொய் இல்லம்மா. அடுத்த வாரம் அந்த சேர் வந்து எறங்கிடும். அப்புறம் நான் கடைக்குப் போனா என்ன, போகாட்டி என்ன?"

லக்ஷணாவுக்கு அன்றிரவு தூக்கமே பிடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம், அவர் எப்படித்தான் உட்காருகிறார், எழுந்திருக்கிறார் என்று பார்க்கக் கடைக்கே வந்துவிட்டாள்.

"வாம்மா வா! உக்காரு!" அவள் மெத்தையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இரண்டு ரோஸ்மில்க் வந்தது. ஒன்றை அவள் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

"அங்கிள்! என்ன பண்றீங்க?"

"நீ குடிம்மா. வந்தவங்க கூச்சப்படாம குடிக்கணும்னா மொதல்ல நாம குடிக்கணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். கூடக் குடிச்சாத்தான் பேரம் படியும்."

"வர்றவங்க எல்லார் கூடவுமா?"

"பின்ன? ஒருத்தரோட குடிச்சு இன்னொருத்தரோட குடிக்கலைன்னா மரியாதையா இருக்குமா?" அவர் பெருமையோடு ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். "எதையும் விடறதில்ல, எழுதி வெச்சிருக்கேன் பாரு. இன்னிக்கு இதுவரைக்கும் என் பங்கு ரோஸ்மில்க் ஒம்போது, கலர் ஆறு, பாதாம்பால் நாலு, போண்டா ஏழு. ஆக மொத்தம் இருபத்தாறு. வேணும்னா கூட்டிப் பாத்துக்கோ."

லக்ஷணா அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதுல ஒண்ணுகூட என்கிட்ட காட்டின நோட்டுல இல்லையே அங்கிள்!"

இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வீட்டுக் கணக்கும்மா. இது கடைக் கணக்கு!"