இலவசப் பாடத்தளம்

எலிகளின் பள்ளியில் பாடப்படங்கள் வாங்க வழியில்லை. இலவச இணையதளம் தேடித் தேடிக் கண் பூத்துப்போன சுண்டெலி வாத்தியாருக்கு ஒருநாள் அருமையான தளமொன்று அகப்பட்டது. பிழையற்ற விளக்கங்கள், அசையும் படங்கள்!

"ஐயா, தளத்தில் சேரும் படிவத்தில் பிள்ளைகளின் வளை எங்கே இருக்கிறதென்று எதற்குக் கேட்கிறார்கள்?" என்று மூஞ்சூறு ஆசிரியை தயங்கினார்.

"நீங்கள் சந்தேகப்பட்டே காலத்தை ஓட்டுங்கள், அம்மா! படிவம் என்றால் ஒரு கட்டமும் காலியாக இருக்கலாகாது" என்றவர், நாற்பது வளைகளின் முகவரியையும் தம் கைப்படவே நிரப்பினார்.

முதல் நாள் பாடத்தைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒன்பது பேர் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒருவரும் வரவில்லை. பதறிப்போய் வளைதோறும் ஓடியவர், வாசலெங்கும் பூனையின் காலடிகளையே கண்டார்.

திரும்பி வந்தவரிடம் ஆசிரியை, பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினார்: "தாங்கள் பரிந்துரைத்த தளத்தில் எங்கள் பிள்ளைகள் அனைவரையும் நேற்றே சேர்த்துவிட்டோம். மிக்க நன்றி, ஐயா."