அஸர் நேரத்துத் தண்ணீர்

தில்லையடி வீட்டில் பளீலா தனியாகத்தான் இருந்தாள். கணவர் சரீப் மவுத்தாகி, அவரை அடக்கி நாலு வருஷம். கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் கல்லாய்ப் படிகிறதென்று கத்தாரிலிருக்கும் மகன் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் ஒரு மெஷின் பூட்டிக் கொடுத்திருந்தான். தண்ணீர் செலவாகச் செலவாக அது தன்னை உப்பால் கழுவி, அந்த நீரைக் கக்கூஸ் குழிக்குள் விடும்.

மூன்றே மாதத்தில் குழி நிரம்பி வழிந்தது. மெக்கானிக் ஸியாத் வந்து மெஷினைத் திறந்து பார்த்தான்.

“ரெண்டு பேருட தண்ணி போயிருக்கு உம்மா. அஞ்சு நேரமும் தொழ முந்தி கை கால் கழுவி ஒளு எடுக்கிறதால இருக்கும்.”

“கையில புண் மகன், தண்ணி படக்கூடாதாம். மூணு மாசமா ஒளுவுக்குப் பதிலா தயம்மும்தான், மண்ணத் தொட்டு.”

ஸியாத் வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கிப் பூட்டினான். மெஷினில் தண்ணீர் ஓட்டத்தைக் காட்டும் இலக்கம் அசையாமல் நின்றது. பள்ளியிலிருந்து பின்னேரத் தொழுகைக்கான அஸர் வாங்கு கேட்டது. இலக்கம் மெதுவாக ஏறத் தொடங்கி, ஒருவர் ஒளு எடுக்கும் நேரம் ஓடி, நின்றது.

“மெஷின்ல வீட்டில எத்தின பேர் எண்டு போட?” என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

பளீலா உள்ளே போய்த் தன் தொழுகைப் பாயை விரித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து இன்னொரு பாயை எடுத்து, தன் பாய்க்கு முன்னால், சரீப் எப்போதும் முன்நின்று தொழுவித்த இடத்தில் விரித்தாள்.