மிச்சமில்லாத வீடு

ஒரு பருக்கைகூட மிச்சமில்லை என்று காட்ட, வீட்டம்மா சோற்றுப் பானையை என் முன்னால் கவிழ்த்தார். முகமெல்லாம் பல்.

என் பைக்குள் தூக்குப் பாத்திரம் காலியாகக் கிடந்தது. இந்த வீட்டில் சமைக்க வந்த நாளிலிருந்து மிஞ்சிய சோறு அதில்தான் போகும். என் பெண்கள் இருவருக்கும் எனக்கும் அதுதான் இரவுச் சாப்பாடு. சம்பளம் வாடகையைத் தாண்டாது. ஏதோ கிடைத்தால் எடுத்துப் போகிறாள் என்றுதான் வீட்டம்மா நினைத்திருந்தார்.

போன வாரம் குப்பையைக் குறைப்பது பற்றிக் குடியிருப்பில் வகுப்பு எடுத்தார்களாம். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. வீணாகும் சோறு குப்பைமேட்டில் அழுகி நச்சுக்காற்றாகிறதாம், பூமி சூடாகிறதாம்.

அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த மேட்டுக்குப் பின்னால்தான் நான் குடியிருக்கிறேன். புகை கிளம்பினால் முதலில் இருமுவது என் சின்னவள்தான்.

ஆனால் இந்தச் சோறு ஒருநாளும் என் வாசலைத் தாண்டி அங்கே போனதில்லையே!

ஒரு வாரமாக அரிசியை அவரே கோடு போட்ட குவளையில் அளந்து தருகிறார். வீட்டில் நான்கு பேர், நான்கு பேருக்கு மட்டும். ஒரு வாரமாக என் வீட்டில் இரவுக்குத் தேநீரும் ரொட்டியும். பசிக்கவில்லை என்று சொல்லப் பெரியவள் பழகிவிட்டாள்.

இன்று கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன். இன்னும் கொஞ்சம் அரிசி போட்டுக்கொள்ளட்டுமா அம்மா என்று. வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா எங்க வீட்டுக் குப்பைய உன் தலையில கட்டி அனுப்பியிருக்கேன். மன்னிச்சுடு. இனிமே உனக்கு அந்தக் கேவலம் வேண்டாம்."

என் பிள்ளைகள் வளர்ந்த சோற்றுக்குப் பெயர் குப்பை. கெட்டவராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவரோ மனசார அழுகிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே கேட்டார்.

"அது சரி, தினமும் எப்படி அவ்வளவு மிஞ்சுச்சு? இத்தனை வருஷமாச் சமைக்கிற, அளவு பிடிபடலையா உனக்கு?"

அரிசியைக் கையில் அள்ளினாலே எத்தனை பேருக்கு என்று நான் சொல்லிவிடுவேன். பதினோரு வருடமும் அந்த அடுப்பில் ஏழு பேருக்குத்தான் உலை வைத்தேன். அவர்கள் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். ஒருநாளும் ஒரு கவளம் கூடியதில்லை, குறைந்ததில்லை.

சொன்னால் அதற்குப் பெயர் திருட்டு. நாளைக்கு வேலையும் இருக்காது.

"எனக்கு அளவு தெரியாதும்மா," என்றேன்.