ஒளியாத மீன்

கடல்மீன் தொட்டியில் நீல மீனின் உடம்பெங்கும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். செவுள் படபடக்க, அது ஓயாமல் கல்லில் உரசிக்கொண்டிருந்தது.

“கிட்ட வராதேடா, சொறிப்பயலே!” என்று விரட்டியது கோமாளி மீன்.

இறால் மட்டும் அருகில் வந்தது. “வலை வந்தா ஒளியாதீங்க, அண்ணே. தனித் தொட்டியில மருந்து போடுவாங்க.”

“வலையில போனவன் எவன் திரும்பினான்? மருந்தை இங்கேயே ஊத்தட்டும்.”

“அது செம்பு மருந்துண்ணே. நீங்க பிழைப்பீங்க, நான் செத்துப்போவேன்.”

மறுநாள் வலை இறங்கியதும், நடுங்கிக்கொண்டே நீல மீன் தானாக அதற்குள் நுழைந்தது.

“ஒழிஞ்சான்!” என்று கொண்டாடிய கோமாளி மீன், முதுகைக் கல்லில் உரசிக்கொண்டது.

இறால் அதனருகிலும் போனது. “வலை வந்தா ஒளியாதீங்க, அண்ணே.”